இடது லீவர் எனக்கு, வலது லீவர் அவனுக்கு

நீர்மூழ்கி பின்னால் போனது. முன்னால் போக வேண்டியது. நடந்த தப்பு அவ்வளவுதான். ஊருக்குள் என்னென்னவோ சொல்வார்கள், நம்பாதீர்கள். வெடிக்கவில்லை. தீப்பிடிக்கவில்லை. யாரும் சாகவில்லை. பின்னால் போனது.

உட்காருங்கள். அந்த ஸ்டூல் வேண்டாம், ஆடும். இதில் உட்காருங்கள்.

ஈரோட்டிலிருந்து வருகிறீர்கள். பேங்க் மேனேஜராக இருந்து ரிட்டயர் ஆனவர். உங்களுக்கும் ஒரு நீர்மூழ்கி கட்ட வேண்டும். எதற்கு என்று நான் கேட்கப் போவதில்லை. என்னிடம் எல்லோரும் அதைத்தான் கேட்டார்கள், ஒருத்தருக்கும் நான் பதில் சொன்னதில்லை. நீங்கள் கேட்டது இரண்டு. மோட்டார் எது போடுவது, கண்ட்ரோல் எப்படி வைப்பது. நியாயமான கேள்வி. சொல்கிறேன். நீங்கள் போட்டுக் கொண்டுவந்த படத்தை இப்போது விரிக்காதீர்கள். மடியிலேயே இருக்கட்டும்.

முதலில் மோட்டார். பெட்ரோல் இன்ஜினை மறந்துவிடுங்கள். நீங்கள் மூச்சு விட வைத்திருக்கிற காற்றை அது குடித்துவிடும். சைக்கிள் பெடல் போதும் என்று ஒருத்தர் சொல்வார். சொல்கிறவரையே மிதிக்கச் சொல்லுங்கள். பேட்டரி ஆட்டோ மோட்டாரை உள்ளே வைத்து, ஷாஃப்டை மட்டும் வெளியே விடலாம் என்பார்கள். ஷாஃப்ட் போகிற ஓட்டை வழியே தண்ணீர் உள்ளே வரும். வராது என்று சத்தியம் செய்வார்கள். வரும். நாற்பது வருஷம் பம்ப் செய்தவன் சொல்கிறேன்.

பிறகு என்ன? கோயமுத்தூரில் உட்கார்ந்துகொண்டு இதற்கு மண்டையை உடைத்துக்கொள்வார்களா? போர்வெல்லுக்குள் இறக்குகிறோமே, சப்மெர்சிபிள் மோட்டார். ஆயிரம் அடி ஆழத்தில் தண்ணீருக்குள்ளேயே கிடக்கிறது. வருஷக்கணக்கில் ஓடுகிறது. அதில் இரண்டை எடுத்து உடம்புக்கு வெளியே, பக்கத்துக்கு ஒன்றாக மாட்டினேன். வயர் மட்டும்தான் உள்ளே வரும். உடம்பு, திருப்பூர்ச் சாயப்பட்டறையில் கழித்துப் போட்ட பாய்லர். தகடு இரும்புதான், ஆனால் யானை உட்கார்ந்தாலும் நசுங்காது. முன்பக்கம் கண்ணாடி வைத்தேன். இரண்டு சீட். அதோ, வெளியே பச்சைத் தார்ப்பாய்க்கு அடியில் இருக்கிறது. போகும்போது பார்க்கலாம்.

ஒரே ஒரு சிக்கல். அந்த மோட்டாருக்கு மூன்று ஃபேஸ் கரண்ட் வேண்டும். பேட்டரியிலிருந்து மூன்று ஃபேஸ் எடுத்துக் கொடுக்கிற பெட்டி கடையில் கிடைக்கிறது. ஆனால் வோல்ட் கம்மி. அந்தக் கம்மி வோல்ட்டுக்குத் தகுந்த மாதிரி மோட்டாருக்குள் காயிலைப் பிரித்து மறுபடி கட்ட வேண்டும். தண்ணீருக்குள் ஓடுகிற மோட்டாருக்கு இப்படிக் கட்ட எல்லோருக்கும் வராது. கோயமுத்தூரில் ஒருத்தனுக்கு வரும்.

கிட்டுசாமி. என் மச்சான்.

என் சம்சாரம் பூவாத்தாளுடைய அண்ணன். அதற்கு முன்னாலேயே என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவன். காந்திபுரத்தில் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறான். மோட்டார் கட்டுவதில் அவனை மிஞ்ச ஆள் இல்லை. இதை நான் சொன்னதாக அவனிடம் சொல்லாதீர்கள்.

அவனும் நானும் பேசி முப்பது வருஷம் ஆகியிருந்தது.

காரணம் கேட்பீர்கள். சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அவன் சொல்வான். என் மகள் சுகுணாவுக்குக் காது குத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே குத்த வேண்டும். தாய்மாமனைக் காணோம். நல்ல நேரம் முடியப் போகிறது. ஆசாரி ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு என் மூஞ்சியையே பார்க்கிறார். பக்கத்துப் பட்டறை ராயப்பன் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். மடி காலியாக இருந்தது. பிள்ளையைத் தூக்கி வைத்தேன். ஒரு காது குத்தியாயிற்று. அடுத்த காதுக்கு ஊசியை எடுக்கும்போது கிட்டுசாமி சீர்த்தட்டோடு வாசலில் நிற்கிறான், வேர்த்து விறுவிறுத்து.

நான் என்ன கெட்ட மனுஷனா? ஒரு காது பாக்கி இருந்தது. "வா, உக்காரு, இந்தக் காது உனக்கு" என்றேன். எத்தனை பேர் அப்படி விட்டுக்கொடுப்பார்கள்? தட்டைத் தரையில் வைத்தான். திரும்பிப் போய்விட்டான். வேண்டாம் என்றது அவன்தான். நான் கொடுத்தேன்.

அதிலிருந்து பேச்சு இல்லை. வீட்டுக்கு வருவான். பொங்கலுக்கு வருவான், கல்யாணத்துக்கு வருவான், சும்மாவும் வருவான். சாப்பிடுவான். ஆனால் என்னிடம் பேச மாட்டான். நானும் பேச மாட்டேன். எல்லாம் பூவாத்தாள் வழியாகத்தான். "மழை வரும்போல இருக்குன்னு அவருகிட்டச் சொல்லு" என்பான். ஒரே ஹாலில் உட்கார்ந்துகொண்டு. அவள் சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்து, "ஏனுங்க, மழை வருமாமா" என்பாள். "வராதுன்னு சொல்லு" என்பேன். முப்பது வருஷம். மழை வந்ததும் உண்டு, வராததும் உண்டு.

டேய், வாடா, போடா என்று வளர்ந்தவர்கள். பேச்சு நின்ற பிறகு மரியாதை வந்துவிட்டது. அவன் எனக்கு 'அவரு', நான் அவனுக்கு 'அவரு'.

ஆக, காயில் வேலைக்கு நான் போய் நிற்க முடியாது. சாப்பிடும்போது பூவாத்தாளிடம் சொன்னேன். "ரெண்டு மோட்டாரு கட்டோணும். யாராச்சும் நல்லாக் கட்டுறவங்க இருந்தாத் தேவலை."

"யாராச்சும்னா?"

"யாராச்சும்தான்."

அவள் ஃபோனை எடுத்தாள். மறுநாள் காலையில் கிட்டுசாமி பையோடு பட்டறைக்குள் வந்தான். என்னைப் பார்க்கவில்லை. என் பெரிய லேத் மெஷினுக்கு முன்னால் போய் நின்று, "எங்கே அந்த மோட்டாரு" என்று அதைக் கேட்டான். நான் ட்ரில்லிங் மெஷினைப் பார்த்து, "ஜன்னலுக்குக் கீழே" என்றேன். வேலை ஆரம்பித்துவிட்டது.

சொல்லக் கூடாது, நன்றாகத்தான் கட்டினான்.

சண்டை வந்தது கண்ட்ரோலில்தான். உங்கள் படத்திலும் அந்த ஒற்றைக் குச்சிதான் இருக்கும். இருக்கிறது இல்லையா? கிட்டுசாமியும் அதைத்தான் வாங்கிவந்தான். பேரன் கம்ப்யூட்டரில் விளையாடுகிற குச்சி. இந்தப் பக்கம் சாய்த்தால் இந்தப் பக்கம் போகும். நான் வேண்டாம் என்றேன். புல்டோசர் மாதிரி இரண்டு லீவர் போதும். இடது லீவர் இடது மோட்டாருக்கு, வலது லீவர் வலது மோட்டாருக்கு. இரண்டும் ஓடினால் நேராகப் போகும். ஒன்றை விட்டால் திரும்பும்.

அன்று மத்தியானம் பூவாத்தாள் தூக்குப்போசியில் சாப்பாடு கொண்டுவந்திருந்தாள். எங்களுக்கு நடுவில் நிற்க வைத்தே அவளைக் கேட்க வைத்தோம்.

"அவரைக் கேளு அம்மணி, ரெண்டு லீவரை ஒரே ஆளு புடிச்சிட்டா, டார்ச் லைட்டை எந்தக் கையில புடிப்பாராம்?"

"டார்ச்சை எதுக்குப் புடிக்கோணும், மேலே லைட்டு இருக்குதுன்னு சொல்லு. அந்தக் குச்சியை யாரு புடிக்கறதுன்னு முதல்ல கேளு."

கேள்வி அதுதான். நீங்கள் பேங்க்காரர், உடனே புரியும். குச்சி ஒன்றுதான் என்றால், ஓட்டுகிறவன் ஒருத்தன், பக்கத்தில் சும்மா உட்காருகிறவன் ஒருத்தன். நான் சும்மா உட்கார மாட்டேன். அவனும் மாட்டான்.

பூவாத்தாள் போசி மூடியைத் திறந்துகொண்டே சொன்னாள்: "ஆளுக்கொரு லீவரு புடிச்சுக்குங்க. சாதம் ஆறுது."

அப்படித்தான் முடிவானது. இடது லீவர் எனக்கு. வலது லீவர் அவனுக்கு.

ஒன்றில் அப்படி வைத்தால் எல்லாவற்றிலும் வைக்க வேண்டியிருக்கிறது. அடியில் எடைக்கு ஒரு இரும்புக் கம்பி, அதில் வெட் கிரைண்டர் கல்லாகக் கோத்துத் தொங்கவிட்டிருந்தோம். ஆபத்து என்றால் கம்பியைக் கழற்றி விட்டுவிட வேண்டும், உடனே வண்டி மேலே வந்துவிடும். அந்தக் கம்பிக்கு இரண்டு கொக்கி. ஒன்று என் சீட்டுக்கு அடியில், ஒன்று அவன் சீட்டுக்கு அடியில். இரண்டையும் ஒரே நேரத்தில் இழுக்க வேண்டும். ஒன்றை மட்டும் இழுத்தால் கம்பி ஒரு பக்கமாகத் தொங்கி, பாய்லர் புரண்டு, பேட்டரி ஆசிட் மொத்தமும் எங்கள் தலையில். ஏன் ஒரே கொக்கி வைக்கவில்லை என்கிறீர்களா? ஒரே கொக்கி வைத்தால், காப்பாற்றியது யார் என்று நாளைக்குப் பேச்சு வரும்.

ரிவர்ஸ் வேண்டும் என்று சொல்லி அனுப்பினான். நான் வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். போவதற்குத்தானே கட்டுகிறோம். கரையிலிருந்து ஒரு கயிறு கட்டிக்கொள்ளலாம் என்றான். கயிறு கட்டினால் அது நீர்மூழ்கி இல்லை, வாளி.

இதில் எது தப்பு என்று சொல்லுங்கள். பேசாமல் கேளுங்கள், அப்புறம் சொல்லலாம்.

காரமடை தாண்டி ஒரு பழைய கல்குழி இருக்கிறது. கல் எடுத்து முடித்து விட்டுவிட்டார்கள். மழைத் தண்ணீர் நின்று குளம் மாதிரி ஆகிவிட்டது. நாற்பதடிக்குக் குறையாது. லாரி இறங்கின சரிவுப் பாதை அப்படியே தண்ணீருக்குள் போகிறது. வண்டியை இறக்க வசதி. ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோனோம். முதல் நாள் மூழ்கவில்லை, மேலாகவே ஓட்டிப் பார்த்தோம். லீவரை முன்னால் தள்ளினோம். பின்னால் போனது.

பம்ப் தொழிலில் இது பெரிய விஷயமே இல்லை. மூன்று வயரில் ஏதாவது இரண்டை மாற்றிப் போட்டால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும். சின்னப் பையனுக்கும் தெரியும். ஆனால் யார் போய் மாற்றுவது? மாற்றுகிறவன் தப்புப் பண்ணினவன் ஆகிவிடுவான். மோட்டார் பக்கத்து ஜாயிண்ட் அவன் போட்டது. உள்ளே, பேனல் பக்கத்து ஜாயிண்ட் நான் போட்டது. தப்பு அவனுடையது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இருந்தாலும் வேலை நடக்க வேண்டுமே. புதன்கிழமை ஆள் இல்லாத நேரத்தில் பேனலைத் திறந்து இரண்டு மோட்டாருக்கும் வயரை மாற்றிப் போட்டு மூடினேன். யாரிடமும் சொல்லவில்லை. அவன் மானத்தைக் காப்பாற்றினேன்.

அடுத்த ஞாயிறு. லீவரைத் தள்ளினோம். பின்னால் போனது.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. கிட்டுசாமி மூஞ்சியைப் பார்த்தேன். அவனும் என் மூஞ்சியைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டான். அடுத்த வாரம் மறுபடி மாற்றினேன். அதற்கடுத்த ஞாயிறும் பின்னால்தான் போனது. கரையில் ஆடு மேய்க்கிறவர்கள் எல்லாம் வந்து உட்கார ஆரம்பித்துவிட்டார்கள். அன்றைக்கு நான் பூவாத்தாளிடம் சொன்னேன்: "சீட்டைத் திருப்பிப் போட்டுட்டாச் சரியாப் போயிரும்னு அவருகிட்டச் சொல்லு."

"கண்ணாடியையும் பின்னால தூக்கி வெப்பாரான்னு கேளு" என்றான்.

பின்னால் போனால் என்ன, மூழ்குகிறதா என்று பார்த்துவிடலாம் என்று நான் முடிவெடுத்தேன். அந்த வாரமும் பேனலில் வயரை மாற்றிவிட்டேன். இந்தத் தடவை சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிக்கை.

இறங்குவதற்கு முன்னால் இன்னொரு சிக்கல். உள்ளே நாங்கள் இரண்டு பேர்தான். மூன்றாவது சீட் கிடையாது. அப்புறம் யார் வழியாகப் பேசுவது? பட்டறையில் ஆபீஸ் ரூமுக்கும் ஷெட்டுக்கும் ஒரு பழைய இன்டர்காம் இருந்தது. அதைக் கழற்றினேன். கரையில் பூவாத்தாளுக்கு ஒன்று. உள்ளே ஆளுக்கொரு ரிசீவர். ஒன்றே போதும் என்றால் அவன் கையிலிருந்து நான் வாங்க வேண்டி வரும். வயர் கிட்டுசாமி வாங்கி வந்தான். ஜாயிண்ட் நான் போட்டேன். இதை ஞாபகம் வையுங்கள்.

பூவாத்தாள் கரையில் குடை பிடித்து உட்கார்ந்தாள். மடியில் நிலக்கடலை. நாங்கள் உள்ளே போய் மூடியை முறுக்கினோம். உள்ளே இருக்கிற காற்று இரண்டு பேருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வராது. வாயைத் திறக்காமல் இருந்தால் இன்னும் கொஞ்சம் வரும் என்பது கிட்டுசாமி கணக்கு. அந்தக் கணக்கு எங்களுக்குத் தோதாக இருந்தது.

மூழ்குவதற்கென்று வைத்த தொட்டியில் தண்ணீர் ஏற்றினோம். இறங்கியது. நன்றாகவே இறங்கியது. கண்ணாடிக்கு வெளியே பச்சை, அப்புறம் கரும்பச்சை. ஒரு கெண்டை வந்து எங்களைப் பார்த்துவிட்டுப் போனது. நான் கட்டினது தண்ணீருக்குள் போகிறது. ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. அந்த நேரத்தில் யாரிடமாவது ஒரு வார்த்தை சொல்லலாம் போல இருந்தது. பக்கத்தில் அவன்தான் இருந்தான். சொல்லவில்லை.

லீவரைத் தள்ளினோம்.

பின்னால் போனது. வேகமாகவே போனது. மடேர் என்று வால் எதிலோ குத்தி நின்றது. கண்ணாடிக்கு வெளியே ஒரே சேறு. எத்தனை வருஷத்துக் கல்தூசி, அடியில் மெத்தை மாதிரி கிடந்திருக்கிறது. அதில் பாதி உடம்பு புதைந்துவிட்டது.

ரிசீவரை எடுத்தேன். "பூவாத்தா, லீவரை விடச் சொல்லு அவரை."

மேலே இருந்து அவள் குரல்: "அண்ணா, லீவரை விடுவீங்களாமா."

பக்கத்து சீட்டில் கிட்டுசாமி தன் ரிசீவரில் சொன்னான்: "நான் எப்பவோ விட்டாச்சு. அவரு கையை அவரே பார்க்கச் சொல்லு."

"ஏனுங்க, உங்க கையைப் பார்ப்பீங்களாமா."

பார்த்தேன். விட்டேன். "ஸ்பிரிங் டைட்டுன்னு சொல்லு."

தொட்டித் தண்ணீரை வெளியே தள்ளினோம். அசையவில்லை. சேறு விடவில்லை. ரிவர்ஸ் கிடையாது. கயிறு கிடையாது. மிச்சம் கொக்கிதான்.

"பூவாத்தா, கொக்கியை இழுக்கோணும். நான் மூணு எண்ணுவேன், மூணுல இழுக்கச் சொல்லு."

"அண்ணா, அவரு மூணு எண்ணுவாராம்..."

"எனக்குக் காது கேக்குது. அவரு எதுக்கு எண்ணோணும்? நான் எண்ணுறேன், அவரை இழுக்கச் சொல்லு."

"ஏனுங்க, அண்ணன் எண்ணுறாங்களாமா."

"இது யாரோட வண்டின்னு கேளு."

"மோட்டாரு யாரு கட்டுனதுன்னு கேளு."

"பின்னால ஓடுற மோட்டாரைக் கட்டுனது யாருன்னு கேளு."

மேலே கடலை உடைக்கிற சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் அதுவும் இல்லை. கிர்ரென்ற அந்த இன்டர்காம் இரைச்சலும் நின்றுபோனது.

"பூவாத்தா" என்றேன். "அம்மணி" என்றான் அவன். ஒன்றும் இல்லை. லைன் செத்துவிட்டது.

இனி எப்படி என்று யோசித்துப் பாருங்கள். நாற்பதடி ஆழம். நடுவில் ஒரு முழம் இடைவெளி. கொக்கியை ஒரே நேரத்தில் இழுக்க வேண்டும். ஒருத்தர் எண்ண வேண்டும். எண்ணுவதென்றால் வாயைத் திறக்க வேண்டும். நான் திறக்கவில்லை. அவனும் திறக்கவில்லை. கண்ணாடியில் எங்கள் மூச்சு ஆவியாகப் படிந்துகொண்டே வந்தது. எவ்வளவு நேரம் என்று நான் பார்க்கவில்லை. அன்றைக்கு ஞாயிறு, நாங்கள் இறங்கும்போதே ராகுகாலம் ஆரம்பித்திருந்தது. அது மட்டும் தெரியும்.

"இந்த ஃபோனு செத்துப்போச்சு" என்றேன். யாரிடமும் இல்லை. பொதுவாக. அது பேச்சில் சேராது.

கிட்டுசாமி காற்றழுத்த மீட்டரைப் பார்த்துச் சொன்னான்: "சாகத்தான் செய்யும். ஜாயிண்ட்டு போட்ட லட்சணம் அப்படி." அதுவும் பொதுதான்.

"ஜாயிண்ட்டெல்லாம் ஒழுங்காத்தான் போட்டிருக்குது. வயரு மட்டமான வயரு."

"வயரு நல்ல வயரு."

அப்போதுதான் அந்தச் சத்தத்தைக் கவனித்தேன். விசில் மாதிரி. அவனுக்கு இளைப்பு உண்டு. மழைக்காலத்தில் படுத்தால் எழுந்து உட்கார்ந்துகொள்வான், பூவாத்தாள் சொல்லியிருக்கிறாள். காற்று கனமாகிவிட்டதல்லவா, நெஞ்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது. வாயைத் திறந்தான். மூடினான். கையைச் சீட்டுக்கு அடியில் வைத்துக் கொக்கியைப் பிடித்தபடியே முன்னால் குனிந்து உட்கார்ந்துவிட்டான். ஆனால் இழுக்கவில்லை. அவன் ஒருத்தன் இழுத்திருந்தால் நாங்கள் புரண்டிருப்போம்.

"டேய் கிட்டா" என்று ஒரு குரல் கேட்டது.

உள்ளே இருந்தது இரண்டு பேர். கிட்டுசாமி தன்னைத் தானே கூப்பிட்டுக்கொள்ள மாட்டான். அதற்கு மேல் என்னைக் கேட்காதீர்கள்.

"என்னடா" என்றான்.

"இழுக்குதா?"

"இழுக்குது."

"நீ எண்ணு. நான் இழுக்கறேன்."

"எனக்கெங்கே மூச்சு வருது. நீயே எண்ணித் தொலை." என்று சொல்லிவிட்டுக் கையைக் காட்டினான், பொறு என்று. "அதுக்கு முன்னால ஒண்ணு சொல்லு. அந்த வயரை நீயும் மாத்துனியா?"

"நீயுமா?"

"வாராவாரம் மாத்துறேன். வெளியே, மோட்டாருகிட்ட. நீ தூங்குற நேரமாப் பார்த்து வந்து."

"நான் பேனல்ல மாத்துறேன்."

"வாராவாரமா?"

"வாராவாரம்."

அவன் மாற்றினதை நான் மாற்றியிருக்கிறேன். நான் மாற்றினதை அவன் மாற்றியிருக்கிறான். கிட்டுசாமி சிரித்தான். இளைப்போடு சிரித்தால் பார்க்கச் சகிக்காது, நாய் இருமுகிற மாதிரி இருக்கும். நானும் சிரித்துவிட்டேன் என்று அவன் சொல்வான். எனக்கு ஞாபகம் இல்லை.

சிரிப்பு அடங்கினதும் கேட்டான்: "பத்து நிமிஷம் பொறுக்க முடியலையாடா உனக்கு, அன்னைக்கு?"

"நல்ல நேரம் போயிருந்துருக்கும்டா."

"இப்ப மட்டும் நல்ல நேரமா?"

பதில் இருந்தது, ஆனால் சொல்லக் காற்று இல்லை.

"தோடு செய்யக் குடுத்திருந்த ஆசாரி நேரத்துக்குத் தரலை" என்றான். "திருகாணி சேரலைன்னு உட்கார வெச்சுட்டான். பிள்ளைக்குக் குத்துமேன்னு நானும் உட்கார்ந்துட்டேன்."

"அதை அப்பவே சொல்றதுதானே?"

"நீ கேட்டியா?"

"நீ நின்னியா?"

"ஒரு காது குடுத்தானாமா, ஒரு காது" என்று கண்ணாடியைப் பார்த்துச் சொன்னான். பிறகு அவனால் பேச முடியவில்லை.

எண்ணினேன். ஒண்ணு, ரெண்டு, மூணு. இரண்டு பேரும் இழுத்தோம். அடியில் டமார் என்று கிரைண்டர் கல் உருண்டது. சேறு ஒரு தடவை உறிஞ்சிப் பார்த்துவிட்டு எங்களை விட்டது. மேலே வந்து மூடியைத் திறந்து முதலில் அவன் தலையை வெளியே தள்ளினேன். இளைப்புக்காரன், அதனால். மரியாதைக்காக இல்லை.

பூவாத்தாள் குடைக்கு அடியில் அப்படியே இருந்தாள். கடலைத்தோல் ஒரு பெரிய குவியல். "வந்தாச்சா" என்றாள். அவ்வளவுதான். ஃப்ளாஸ்க்கிலிருந்து அண்ணனுக்குச் சுடுதண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள்.

இன்டர்காமைப் போய்ப் பார்த்தோம். கரைப்பக்கம், இரண்டு வயரும் வெளியே வந்து கிடந்தன. "பார்த்தியா உன் ஜாயிண்ட்டை" என்றான். "பார்த்தியா உன் வயரை" என்றேன். கோயமுத்தூர் வந்து சேரும் வரைக்கும் காரில் அதே சண்டை. நேருக்கு நேராக. டேய் போட்டு. பூவாத்தாள் பின்சீட்டில் தூங்கிவிட்டாள். எங்கள் பேச்சு நின்ற நாளிலிருந்து அவள் அண்ணனும் நானும் இருக்கிற இடத்தில் அவள் தூங்கி நான் பார்த்ததில்லை.

கதை முடிந்துவிட்டது என்று எழுந்திருக்காதீர்கள். நீங்கள் கேட்டது கண்ட்ரோல். அது இன்னும் முடியவில்லை.

சேறு எல்லாம் கழுவி, புதுக் கல் கோத்து, இரண்டு வாரம் கழித்து மறுபடி கல்குழிக்குப் போனோம். இப்போது பேச்சு இருக்கிறது. இனி என்ன கவலை? மூடியை முறுக்கி, மேலாகவே நின்று, லீவரைத் தள்ளினோம்.

பின்னால் போனது.

"நீ மாத்தலையா?" என்றேன்.

"நீ மாத்துவேன்னு விட்டுட்டேன். உன் வண்டியாச்சே."

"உன் மோட்டாராச்சே. நீ இருக்கறப்ப நான் கை வெக்கறது மரியாதை இல்லைன்னு நானும் விட்டுட்டேன்."

"நீயே மாத்திருக்கலாம்."

"இல்லை, நீதான் மாத்தோணும்."

"அதெப்படி, நீ..."

எங்கள் கத்தல் கரை வரைக்கும் கேட்டிருக்க வேண்டும், பூவாத்தாள் எழுந்து வந்தாள். சேலையை முழங்கால் வரைக்கும் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கி வந்து, பாய்லர் மேல் கையால் ஓங்கித் தட்டினாள். மூடியைத் திறந்தோம்.

"ரெண்டு பேருக்கும் என்ன, இன்னொருக்கா நான் அந்த ஃபோன் வயரைக் கழட்டி உட்டாத்தான் ஆகுமா?"

நான் கிட்டுசாமியைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்தான்.

"அம்மணி" என்றான் அவன் மெதுவாக. "நீயா?"

"கை வலிச்சுதுங்கண்ணா, எத்தனை நேரம் புடிச்சிட்டே இருக்கறது" என்றாள். "அண்ணா, நீங்க இனி எதையும் தொடாதீங்க. ஏனுங்க, நீங்க மட்டும் மாத்துங்க. அங்கே உள்ளேயே. இப்பவே."

"செத்திருப்போம் புள்ளே" என்றேன்.

"பேசாம சாகறவங்களா நீங்க?" என்றாள்.

மாற்றினேன். மூடியை மூடினோம். லீவரைத் தள்ளினோம். முன்னால் போனது. இன்றைக்கு வரைக்கும் முன்னால்தான் போகிறது.

அதனால், சார், மோட்டார் சப்மெர்சிபிள் போடுங்கள். காயில் கட்டக் காந்திபுரம் போங்கள், கிட்டுசாமியைப் பாருங்கள். என் பெயரைச் சொன்னால் கொஞ்சம் திட்டுவான், கட்டிக் கொடுப்பான். கண்ட்ரோல் குச்சியோ லீவரோ, எது வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள், அது எனக்கு ஒன்றும் இல்லை. பின்னால் போனதைச் சரி பண்ணியது யார் என்று கேட்டால் கிட்டுசாமி தன் பெயரைச் சொல்வான். நானும் கொஞ்ச நாள் என் பெயரைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டும் இல்லை. பூவாத்தாள்.